அக்காவுக்குக் கொடு

ஜனவரி 6, செவ்வாய்

இந்த வீட்டில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம். பதினேழு பேர் பேசுகிறார்கள். நான் எழுதுகிறேன்.

முதல் பக்கம் என்பதால் விவரத்தை எழுதிவிடுகிறேன். பெயர் மோனிஷா. ஊர் காசிமேடு. வயது பதினேழு, சட்டை எண்ணும் பதினேழு. வடகரை மகளிர் கால்பந்து அணியில் இடது விங். அணி மொத்தமும் இந்த ஒரே வீட்டில்தான் தங்கியிருக்கிறது. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. பாடத்தை எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். தினமும் வெளியே நிற்பதற்கு எதற்குப் பள்ளிக்கூடம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. வருத்தப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் பட்டுக்கொள்ளட்டும்.

அதன் பிறகு இறால் உரிக்கிற கம்பெனி. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. விரல் நுனியெல்லாம் வெளுத்து, செத்தவர்களுடைய விரல் மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் கடற்கரையில் பையன்களோடு பந்து ஆடும்போதுதான் எனக்கு விரல் இருப்பதே ஞாபகம் வரும். அங்கேதான் ஜெனிட்டா அக்கா என்னைப் பார்த்தார். எங்கள் கேப்டன். தூத்துக்குடிக்காரர், இந்திய அணியின் முகாம் வரை போனவர். "ஏட்டி, நாளைக்கு ஷூ போட்டுட்டு வா" என்றார். ஷூ இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அவரே கொண்டுவந்தார்.

இதுவரை ஐந்து ஆட்டம் முடிந்திருக்கிறது. எங்கள் கணக்கில் ஒரே ஒரு கோல். அதையும் நாங்கள் போடவில்லை. எதிரணிப் பெண் ஒருத்தி பதற்றத்தில் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டாள்.

கடைசி இரண்டு இடத்தில் வரும் அணிகள் கீழ் லீகுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் அணியை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். மூடினால் எனக்கு மறுபடியும் இறால்.

போக மாட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

0–1.

என்னிடம் ஒரு நல்ல பந்து வந்தது. இடது ஓரமாக ஓடினேன், ஒருத்தியைத் தாண்டினேன், கோலுக்கு முன்னால் இருக்கிற பெட்டிக்குள் நுழைந்தேன். உடனே எல்லாப் பக்கத்திலிருந்தும் சத்தம்: "அக்காவுக்கு! அக்காவுக்கு!" மைதானத்தில் இருப்பவர்கள், வெளியே பெஞ்சில் இருப்பவர்கள், தண்ணீர் பாட்டில் கொடுப்பவர் வரைக்கும். அக்கா கையைத் தூக்கியபடி நின்றார். கொடுத்தேன். அவரைச் சுற்றி மூன்று பேர். அக்கா எப்படியோ திரும்பி அடித்தார். கோல்கீப்பர் அதைக் குனிந்து, கீழே கிடக்கும் தேங்காயை எடுப்பது போல எடுத்தாள்.

கொடுப்பது என் வேலை. கொடுத்தேன்.

எங்கள் கோல்கீப்பர் ஃபர்ஹானா வண்டியில் ஏறும்போது என் தலையில் தட்டினாள். "இன்னாடி சைலண்ட் மோடு, உன்ன எப்போ ஜெனரல் மோடுல போடுறது?" எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எப்போதும் அந்தச் சீட்டுதான், காலை நீட்ட இடம் இருக்கும்.

ஜனவரி 13, செவ்வாய்

அம்மா மீன் விற்கிற ஏலக்கூடத்துக்குப் போய் ஒரு பை நிறைய ஐஸ் வாங்கி வந்தேன். ஃபர்ஹானா எதற்கு என்றாள். ஜூஸுக்கு என்றேன். நானும் அக்காவும் ஒரே அறை என்பதால் இந்த மாதிரி வேலைகளை நான்தான் பார்க்கிறேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஊர் தூரமாக இருப்பவர்கள் போகவில்லை. நானும் போகவில்லை. காசிமேடு பக்கம்தான், ஆனாலும் போகவில்லை. ஒரு கோல் போடாமல் எங்கள் தெருவில் நடக்க முடியாது.

நாங்கள் ஏன் கோல் போடுவதில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். கோச் எபினேசர் சார், பரோட்டாதான் காரணம் என்று இரவுச் சாப்பாட்டைச் சப்பாத்தி ஆக்கினார். யூடியூபில் ஒருவர், பச்சைச் சட்டை புல்லோடு கலந்துவிடுகிறது, ஒருத்திக்கு ஒருத்தி தெரியவில்லை என்கிறார். முதலாளியின் மேனேஜர் திருஷ்டி என்கிறார். போன ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் கோல் போட வேண்டிய பக்கத்துக் கம்பத்தின் முன்னே பூசணிக்காய் சுற்றி உடைத்தார். இரண்டாம் பாதியில் பக்கம் மாறும் என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்கு எதிரான கோல் அந்தக் கம்பத்தில்தான் விழுந்தது.

அம்மா போன் செய்தது.

"இன்னாடி, பொங்கலுக்குக் கூட வர மாட்டியா?"

"ம்."

"இம்மாம் பெரிய வலை கட்டி வெச்சிக்கிறானுங்க, ஒரு பந்து வுழ மாட்டேங்குதா? நம்மாளுங்க இத்த வுட ஓட்ட வலையில அள்ளினு வர்றானுங்க."

"ம்."

"அந்த இறால் கம்பெனி மேஸ்திரி கேட்டாரு. பொண்ணு திரும்ப வருதான்னு."

"இல்ல" என்றேன். "யாரு பேசறது?" என்றது அம்மா. என்னிடமிருந்து ஒரு முழு வார்த்தை வந்ததால் இருக்கலாம்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் அக்காவோடு சர்ச்சில் பூசைக்குப் போனேன். நான் கோயிலுக்குப் போகிற குடும்பம், ஆனாலும் துணைக்குப் போவேன். எல்லோரும் முழங்கால் போட்டபோது அக்கா போடவில்லை. கூட்டம், இடம் குறைவு. அக்காவுக்கு முன்னால் இரண்டு வரிசை காலியாக இருந்தது என்றாலும் தரை தூசியாக இருந்தது.

சாயங்காலம் 0–0. நான் நாலு தடவை அக்காவுக்குக் கொடுத்தேன். நாலும் நல்ல பாஸ்.

ஜனவரி 25, ஞாயிறு

0–2. இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பந்தோடு நான் பெட்டிக்குள் போகிறேன். எதிரணியில் ஒரு சின்னப் பெண் என்னை மறிக்க ஓடி வருகிறாள். அவர்களுடைய ஐந்தாம் நம்பர், உயரமானவள், பின்னாலிருந்து கத்தினாள். "ஏய், அத்த வுடு! அது அடிக்காது. கிழவிகிட்டதான் குடுக்கும். அங்கப் போய் நில்லு!"

அந்தச் சின்னப் பெண் நின்றாள். என்னைப் பார்த்தாள். திரும்பி அக்காவிடம் ஓடினாள். நான் அக்காவுக்குக் கொடுத்தேன்.

கிழவியாம். அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. அக்கா நாட்டுக்காக முகாமில் ஆடியபோது இந்த ஐந்தாம் நம்பர் பல் விழுந்து எச்சில் ஒழுக நின்றிருப்பாள். கிழவி! அவளை நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவள் சொன்ன மற்றதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 26, திங்கள்

ஐஸ் இரண்டு பை. ஜூஸுக்கு.

அறை முழுக்க மீன் வாசனை. ஃபர்ஹானா வாசலில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா ஜூஸ்டி இது, வஞ்சிர ஜூஸா? இன்னிக்கு வரைக்கும் ஒரு கிளாஸ் கண்ணுல காட்டல."

அவள் போனதும் அக்கா முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, யார்ட்டயும் மூச்சு விட்ராத. இந்த சீசன் முழுசும் நான் களத்துல இருக்கணும். அப்பத்தான் அந்த வேல. அடுத்த வருசம் வயசு தாண்டிரும்." விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க வேலைக்கு அக்கா எழுதிப் போட்டிருக்கிறார். வீட்டில் அக்கா சம்பாத்தியம்தான்.

நான் மூச்சு விட மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னை அறையில் வைத்திருக்கிறாரோ என்று ஒரு யோசனை வந்தது. இல்லை. வெறும் யோசனை.

பிப்ரவரி 1, ஞாயிறு

0–1. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கோச் சார் ஹாலில் டிவியில் பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டினார். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். அக்கா நாற்காலியில்.

"இங்க பாருங்க" என்று கோச் சார் படத்தை நிறுத்தினார். "ஜெனிட்டாவ மூணு பேர் சுத்திட்டாங்க. ஏன்? பாஸ் லேட்டு. மோனிஷா, நீ யோசிக்கிற கேப்ல அவங்க வந்துடுறாங்க. பந்து கால்ல பட்டதும் போயிடணும். புரியுதா?"

தலையாட்டினேன்.

ஆனால் நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியின் இந்தப் பக்கம் ஒரு பெண் பந்தோடு நிற்கிறாள். அவளுக்கும் கோலுக்கும் நடுவே கோல்கீப்பர் மட்டும்தான். அவளைச் சுற்றி நாலு ஆட்டோ நிறுத்தலாம், அவ்வளவு இடம். கோச் சார் அடுத்த ஆட்டத்தைப் போட்டார். அதிலும் அதே பெண், அதே காலி இடம். அதற்கடுத்ததிலும். ஒவ்வொன்றிலும் அந்தப் பெண் தலையைத் திருப்பி அக்காவைத் தேடுகிறாள்.

அந்தப் பெண்ணின் முதுகில் பதினேழு.

அதன் பிறகு சாயங்காலம் முழுக்கப் பயிற்சி: அக்காவுக்கு வேகமாகக் கொடுப்பது எப்படி.

பிப்ரவரி 8, ஞாயிறு

1–1! கோல் போட்டுவிட்டோம். கார்னரில் உயர்ந்து வந்த பந்து எங்கள் டிஃபெண்டர் கஸ்தூரியின் தலையில் பட்டு உள்ளே போனது. அவளே பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தாளாம். ஃபர்ஹானா அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஓடிவந்து அவளைத் தூக்கினாள்.

மேனேஜர், பூசணிக்காய் வேலை செய்துவிட்டது என்கிறார். கோச் சார், சப்பாத்தி என்கிறார். நான் யோசித்துப் பார்த்தேன். கார்னர் பந்து மேலேயிருந்து விழுகிறது. அதை வாங்கி அக்காவுக்குக் கொடுக்க யாருக்கும் நேரம் இல்லை.

கடைசி ஆட்டம் அடுத்த ஞாயிறு. வென்றால் தப்பிப்போம். சமன் ஆனாலும் போதாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

மதியம் அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"ஐஸ் எங்கட்டி?"

"கொண்டு வரல."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சுவரைப் பார்த்தால் கொஞ்சம் பேச்சு வருகிறது. "உங்ககிட்ட குடுப்பேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குக்கா. என்னை விட்டுட்டு மூணு பேரும் உங்ககிட்ட போய் நிக்கிறாங்க. உங்களால இடது கால ஊனித் திரும்ப முடியாதுன்னும் தெரியும். நம்ம கோச்சுக்கு மட்டும்தான் தெரியாது."

"யாரு சொன்னா?"

"அந்த அஞ்சாம் நம்பர். டிவியிலயும் பாத்தேன்."

"பேச்செல்லாம் பலமா இருக்கு. ஒரு கோல் போட்டிருக்கியாட்டி நீ?"

"அடிச்சாதானே போடறதுக்கு."

"அடிக்காண்டாம்னு நானா சொன்னேன்?"

இல்லை. அக்கா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. யாரும் சொன்னதில்லை.

"இறால் உரிச்சிட்டுக் கெடந்தவள இழுத்துட்டு வந்தேம்லா" என்றார் அக்கா. "எனக்கு நல்லா வேணும்."

"இழுத்துட்டு வந்தது பந்து ஆடத்தானேக்கா? ஐஸ் தூக்கவா?"

இதைச் சொன்னது நான்தான். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். ஐஸ் தூக்கவா?

அக்கா சுவரைப் பிடித்து எழுந்து, தானே ஐஸ் வாங்கப் போனார். படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு படியாக இறங்குவதை மேலேயிருந்து பார்த்தேன். போய்ப் பிடிக்கலாம் என்று தோன்றியது. பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

கடைசி ஆட்டத்துக்கு ஆள் பட்டியல் சொன்னார்கள். நான் பெஞ்சில். "ஜெனிட்டாதான் கேட்டுக்கிட்டா. நீ டயர்டா இருக்கேன்னு சொன்னா" என்றார் கோச் சார்.

நான் டயர்டாக இல்லை. மாடிக்குப் போய் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வந்து திட்டினார். அவர் போனதும் மறுபடி அடித்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

முதல் பாதி 0–0. பெஞ்சிலிருந்து பார்த்தால் எல்லாம் இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது. என் இடத்தில் ஆடிய ரோஷிணி பந்து கிடைத்ததும் அக்காவுக்குக் கொடுத்தாள். நடுவில் ஆடியவர்கள் அக்காவுக்குக் கொடுத்தார்கள். அக்காவைச் சுற்றிக் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிக் கூட்டம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் "அக்காவுக்கு! அக்காவுக்கு!" என்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. நான் எப்போதும் கத்துவதில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

ரோஷிணிக்குத் தொடை பிடித்துக்கொண்டது. கோச் சார் பெஞ்சைப் பார்த்தார். வேறு இடது விங் இல்லை. "போ. பந்து வந்ததும் உடனே குடுத்துடு."

தலையாட்டவில்லை. போனேன்.

முதல் பந்து வந்தது. ஓரமாக ஓடினேன். பெட்டிக்குள் வந்ததும் அதே சத்தம், அக்காவின் அதே கை. "ஏட்டி, தா!" என்னை மறிக்க ஒருத்தியும் வரவில்லை. நான் தரவில்லை. அடித்தேன்.

பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, மதிலுக்கு மேலே பறந்து, வெளியே ஏதோ வண்டி மேல் விழுந்தது. வண்டி அலாரம் அடிக்க ஆரம்பித்தது.

என் அணியே என்னைத் திட்டியது. கோச் சார் பாட்டிலைத் தரையில் அடித்தார். ஃபர்ஹானா கோல் கம்பத்திலிருந்து, "அக்கா சும்மா நிக்கிறாங்கடி, உனக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்றாள். நான் தலையைக் குனியவில்லை. எப்போதும் குனிவேன். இன்று கழுத்து குனியவில்லை, நான் என்ன செய்வது.

அக்கா மட்டும் தன்னைச் சுற்றி நின்ற மூன்று பேரைப் பார்த்தார். பிறகு நான் நின்ற இடத்தைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம்தான். பின்னாலிருந்து வந்து கஸ்தூரியின் காலில் நின்றது பந்து. அவள் தலையைத் தூக்கி அக்காவைத் தேடினாள். எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. "கஸ்தூரி! இங்க! எனக்குக் குடு!" அது எனக்கே தெரியாத குரல். கேலரியில் யாரோ கத்தியதாக நினைத்தேன் என்று கஸ்தூரி பிறகு சொன்னாள். ஆனால் கொடுத்தாள்.

ஓடினேன். பெட்டிக்குள் நுழைந்தேன். அக்கா அந்தப் பக்கம், கோலிலிருந்து விலகி, நொண்டிக்கொண்டே ஓடினார். இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார். "தாட்டி! எனக்குத் தா! இங்க தா!" பெஞ்ச் முழுக்க எழுந்து "அக்காவுக்கு!" என்றது. மூன்று டிஃபெண்டர்களும் அக்காவோடு போனார்கள். கோல்கீப்பர்கூட அந்தப் பக்கம் இரண்டு அடி நகர்ந்தாள்.

குனிந்து அடித்தேன். தரையோடு போனது. வலை அசைந்தது.

நான் ஓடவில்லை, குதிக்கவில்லை. நின்றேன். எல்லோரும் என்மேல் விழுந்தார்கள். ஃபர்ஹானா என் காதில், "ஜெனரல் மோடு! ஜெனரல் மோடு!" என்று கத்தினாள். அழுதுகொண்டிருந்தாள் கழுதை.

1–0. தப்பித்தோம்.

விசில் அடித்ததும் அக்கா நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "நீங்க கை தூக்கியும் நான் தரல. ரெண்டு தடவ" என்றேன்.

"மொதத் தடவ எனக்குக் கேட்டேன்" என்றார் அக்கா. "ஆத்திரமா வந்துச்சு. உன்ன அங்கயே அறையணும்போல இருந்துச்சு." மூச்சு வாங்கினார். "ரெண்டாந்தடவ தூக்குனது உனக்குன்னு நெனச்சியாட்டி? அவளுவளுக்கு."

பிறகு கையை நீட்டினார். "தூக்கு. எந்திரிக்க முடியல."

தூக்கினேன். இந்தத் தடவை தூக்குவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

அக்கா கோச் சாரிடம் முட்டியைப் பற்றித் தானே சொல்லிவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே கிழிந்திருக்கிறதாம், ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். வேலை என்னாகும் என்று கேட்டேன். "சீசன் முழுசும் ஆடுனியான்னு கேப்பானுவ. ஆடுனேன். கோல் போட்டியான்னு கேட்டா, உன்னக் கைகாட்டுதேன்" என்றார்.

யூடியூபில் கோச் சாரின் பேட்டி வந்திருக்கிறது. பாஸின் வேகத்தைக் கூட்டியதுதான் வெற்றிக்குக் காரணமாம். இன்று இரவு பரோட்டா என்று சொல்லியிருக்கிறார்.

மதியம் ஐஸ் வாங்கி வந்தேன், ஏலக்கூடத்தில் இல்லை, கடையில். எலுமிச்சம்பழமும் வாங்கினேன். பெரிய அண்டாவில் பிழிந்து எல்லோருக்கும் ஊற்றினேன். அக்காவுக்குக் கடைசியில்தான் ஊற்றினேன், அவர் கடைசியில் உட்கார்ந்திருந்தார்.

ஃபர்ஹானா முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "ஒரு மாசமா ஜூஸு ஜூஸுன்னியே, சக்கரை எங்கடி?"

"சமையல் ரூம்ல இருக்கு. போய் எடுத்துட்டு வா" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஃபர்ஹானா எழுந்து போய் எடுத்து வந்தாள்.